மட்டைப் பை ஏன் கோச்சின் காரில் போகிறது

என் அண்ணா வசந்தனுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய். அப்பாவுக்கு முழங்கால் நோ. அம்மா உன் அறைக் கதவைச் சாத்த விடுகிறா இல்லை. மில்லிக்கனில் இப்போது இருக்கும் வீட்டின் பின்வளவில் நீ வைத்த ரோசாவை முயல் தின்றுவிட்டது. முயல்தானா என்று அப்பாவுக்குச் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரரை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார். அப்பா மாறவில்லை.

போன கிழமை உன் பழைய பேஸ்போல் ரீமின் விருந்துக்குப் போனேன். கோச் கீத் தொலைபேசியில் கூப்பிட்டார். "வசந்தனுக்குப் பதிலாக நீ வா" என்றார். ஏன் திடீரென்று என்னை நினைத்தார்? அந்த யோசனையோடுதான் வெளிக்கிட்டேன். எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி.

பல்கலைக்கழகத்தின் ஒரு மண்டபம். இப்போதைய கப்டன் ஒரு நெட்டைப் பெடியன், மைக்கைப் பிடித்து ரீமின் வரலாற்றைச் சொன்னான். முந்தி ஒரு காலத்தில் ரீம் இருந்ததாம், பிறகு கவனிப்பாரில்லாமல் செத்துப்போனதாம். நகரத்து அணி அடுத்தடுத்து வென்று ரொறன்ரோவே பேஸ்போல் பைத்தியமாகத் திரிந்த வருடங்களில், கொஞ்ச மாணவர்கள் கீத்தைப் பிடித்து அதைத் திரும்பத் தொடங்கினார்களாம். அப்போது சொந்த மைதானம் கிடையாது, பூங்காவில்தான் விளையாட்டு. அதுவரைக்கும் சரி.

பிறகு இரண்டு பகிடி சொன்னான். அந்தக் காலத்தில் வேறொரு பல்கலைக்கழகம் எங்கள் சைகைகளைக் களவெடுக்க ஒரு பெண்ணை உளவு பார்க்க அனுப்பியதாம், அவள் மேட்டில் குடையோடு இருப்பாளாம். இது ஒன்று. மற்றது, இன்றுவரைக்கும் இந்த ரீமில் மட்டைப் பை கோச்சின் காரில் மட்டும்தான் போகும், ஏனென்றால் கீத் தன் சொந்தப் பிள்ளைகளையே நம்பாத மனுசன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. கீத் சிரிக்கவில்லை, தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா, அந்த உளவுக்காரி நான்தான் என்று அங்கே அவரையும் உன்னோடு விளையாடிய ஒருவனையும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. மட்டைப் பையின் கதையோ எனக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. உனக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தொடக்கத்திலிருந்து சொல்ல விடு.

நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் இருந்த காலம். தமிழ்ப் பெடியங்கள், பேஸ்போல் மட்டை என்ற இரண்டும் அப்போது ரிவி செய்தியில் சோடியாகத்தான் வரும். எங்காவது ஒரு கார் தரிப்பிடத்தில் இரண்டு கூட்டம் அடிபட்டிருக்கும். அடுத்த நாள் லிஃப்டில் ஆளை ஆள் பார்ப்பார்கள், உன்ர மகனோ என்ர மகனோ என்று. அந்த நாட்களில்தான் அப்பா சூட்கேஸ் எடுக்கக் குனிந்தபோது உன் கட்டிலுக்குக் கீழே மட்டையைக் கண்டார்.

"உது என்னடா?"

"மட்டை."

"கிரிக்கெற் மட்டை எனக்குத் தெரியும். உது அடிக்கிற மட்டை."

"கிரிக்கெற் மட்டையும் அடிக்கத்தானே அப்பா."

"பந்துக்கோ, ஆளுக்கோ?"

நீ உண்மையைச் சொன்னாய். யூனிவேர்சிற்றி ரீமுக்கு எடுத்திருக்கிறார்கள், நான் கட்சர் என்றாய். ஊரில் பள்ளிக்கூட ரீமில் விக்கெற் கீப்பராக நின்றவன், பந்தைப் பிடிக்கிற கை எங்கே போனாலும் பிடிக்கும் என்றாய். அப்பா அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. "வெள்ளைக்காரன்ர விளையாட்டுக்கு ஆளில்லாமலே உன்னை எடுத்தவங்கள்? ஆருக்குச் சுத்துறாய்?" என்றார். நீ கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாய். குற்றமில்லாதவன் ஏன் கதவை அடிக்கிறான் என்று அதற்கும் அப்பா ஒரு கேள்வி வைத்திருந்தார்.

பிறகு குசினிக்குள் வந்து குரலைத் தணித்து என்னிடம் சொன்னார்: "பிள்ளை, நீயும் அங்கைதானே படிக்கிறாய். ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வா. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

அப்படித்தான் நான் ஒற்றராகப் பதவி ஏற்றேன்.

உன் கண்ணில் படாத இடம் தேடினேன். பூங்கா மைதானத்தின் கடைசி வேலிக்கு வெளியே, மேப்பிள் மரங்களுக்குக் கீழே ஒரு புல்மேடு. உன்னிலிருந்து ஆகத் தூரமான இடம் அதுதான் என்று அங்கே போய், பாடப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. நீ முகத்தில் கம்பிக்கூடு போட்டுக்கொண்டு, அடிக்கிறவன் நிற்கிற தட்டின் பின்னால் குந்தியிருந்தாய். அதைத்தான் அப்பாவிடம் சொன்னேன்.

"ஓம் அப்பா, உண்மையாத்தான் விளையாடுறான். குந்திக்கொண்டு இருக்கிறான்."

"குந்திக்கொண்டோ? மற்றவங்கள்?"

"மற்றவங்கள் நிக்கிறாங்கள்."

"எல்லாரும் நிக்க இவன் மட்டும் ஏன் குந்துறான்?" என்றார் அப்பா. "அடுத்த கிழமையும் போ. ஆர் ஆரோட கதைக்கிறான் எண்டு பார்."

அடுத்த கிழமையும் போனேன். அதற்கடுத்த கிழமையும். இலை மஞ்சளாகி விழத் தொடங்கியது. மழை வந்தால் குடை விரித்தேன், குளிர் அடித்தால் சால்வையை இழுத்துப் போர்த்தேன், காற்று அடித்தால் தலைமயிரை அவிழ்த்துக் கட்டினேன். இதெல்லாவற்றையும் கீத் அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவருடைய பக்கத்துக் கணக்கு வேறு. ரீம் தோற்றுக்கொண்டிருந்தது. நீ கால்களுக்கு நடுவே விரலால் காட்டுகிற சைகையைப் பார்த்துத்தானே எறிகிறவன் எந்தப் பந்து என்று முடிவெடுப்பான்? வேகப் பந்தா வளைகிற பந்தா என்று எதிரணிக்காரன் முன்னமே தெரிந்தவன்போல அடிக்கிறான். உன் விரல்கள் தெரியக்கூடிய இடம் உனக்கு நேர் எதிரே, கடைசி வேலிக்கு அப்பால்தான் இருக்கிறது. அங்கே ஒரு பெண், புத்தகம் வைத்துக்கொண்டு வாசிக்காமல், குடையை விரிப்பதும் சுருக்குவதுமாக. யாராக இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

ஒரு நாள் மார்க் மேட்டில் ஏறி வந்தான். உனக்கு அடுத்த கட்சர், நீ விளையாடாவிட்டால் அவன்தான் விளையாடுவான். அவனை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று கேட்டான்.

"பஸ்ஸுக்கு" என்றேன்.

அவன் சுற்றிப் பார்த்தான். அங்கே ரோட்டே இல்லை.

அன்று விளையாட்டு முடிய, முழு ரீமையும் வைத்துக்கொண்டு கீத் விசாரணை தொடங்கினாராம். அந்தப் பெண் யார், எந்தப் பல்கலைக்கழகம் அனுப்பியது என்று. நீ முகக் கவசத்தைக் கழற்றி, "அது என் தங்கச்சி" என்றாயாம்.

"ஏன் ஒளித்திருக்கிறாள்?"

"ஒளித்திருக்கவில்லை. ஒளித்திருக்கிறதாக நினைக்கிறாள். நான் உண்மையாகவே பேஸ்போல்தான் விளையாடுகிறேனா என்று பார்க்க அப்பா அனுப்பியிருக்கிறார்."

முதல் நாளே என்னைக் கண்டுவிட்டாயாம். மற்ற எல்லோரும் உன்னைப் பார்த்து நிற்க, நீ ஒருவன்தான் வெளியே பார்த்தபடி குந்தியிருக்கிறவன். எனக்கு அது உறைக்கவே இல்லை. ஏனடா சொல்லவில்லை என்று சுரங்க ரயிலில் வைத்துக் கேட்டேன். "நீ வராவிட்டால் அப்பா வருவார், சுகி. நீயே பரவாயில்லை" என்றாய்.

உன் பதிலுக்கு ரீமில் எல்லோரும் சிரித்தார்களாம், மார்க்கைத் தவிர. அப்படியென்றால் அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்துதான் சைகையை விற்கிறார்களா என்று கேட்டானாம். அடுத்த கிழமையிலிருந்து கீத் என்னை மேட்டில் இருக்கவிடாமல், விளையாட்டுக்காரர்கள் இருக்கும் வாங்கில், தன் பக்கத்தில் இருத்தினார். மற்றவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அது காவல். அவர் கண் என் கையை விட்டு விலகாது.

சைகையை ஒருவரும் விற்கவில்லை என்பதை நீதான் கண்டுபிடித்தாய். வளைகிற பந்து எறிவதற்கு முன் எங்கள் எறிகாரன் டேவ் தன்னை அறியாமல் முழங்கையைக் கொஞ்சம் தூக்குவான். எதிரணி அதைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறது. நீ சொல்லி அவன் திருத்தினான். ரீம் வெல்லத் தொடங்கியது. கீத் எனக்கு ஒரு கப் கோப்பி வாங்கித் தந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, அது கோப்பியாக வந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

ரீமைத் திரும்பத் தொடங்கிய பிறகு முதன்முறையாக அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு வந்தது. ஒரு ஆட்டம் வென்றால் போதும். உன்னிடம் கார் இருந்ததால் ரீமின் மட்டைப் பை உன்னோடுதான் இருந்தது. அன்று காலை நான் முந்திச் சுரங்க ரயிலில் போய்விட்டேன். நீ உன் கூட்டாளி ஜெயனை ஏற்றிக்கொண்டு வருவதாக இருந்தது.

நீ வரவில்லை. மட்டைகள் வரவில்லை. கீத் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியும், அவன் வரமாட்டான்" என்றான் மார்க், நான் கேட்கும்படியாக. எதிரணியிடம் மட்டை இரவல் வாங்கித்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். உன் இடத்தில் மார்க் குந்தினான். ஆட்டம் பாதிக்கு மேல் போன பிறகு நீ வந்தாய். காற்சட்டையின் பின்பக்கம் முழுக்க ரோட்டுச் சேறு.

வீட்டுக்குக் கிட்டவே ஒரு சந்தியில் பொலிஸ் மறித்திருக்கிறது. லைசென்ஸ் கேட்கவில்லை. டிக்கியைத் திற என்பதுதான் முதல் சொல். உன்னையும் ஜெயனையும் நடைபாதை ஓரத்தில் இருத்தி, மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டில் அடுக்கினார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் நெஞ்சில் எழுதிய ரீம் சேட்டுத்தான் நீ போட்டிருந்தாய். அதைக் காட்டி, "இது எந்தக் கூட்டத்தின் நிறம்?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். எங்கள் கட்டடத்துச் சனம் சாமான் பைகளோடு போகும்போது நின்று பார்த்திருக்கிறது. கடைசியில் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டுப் போனார்கள். மட்டைகளை நீயும் ஜெயனும்தான் பொறுக்கிப் பையில் போட்டீர்கள்.

அன்று நாங்கள் ஒரு ஓட்டத்தால் தோற்றோம்.

தோல்வி போகட்டும். லைசென்ஸ் கேட்காமல் டிக்கியைத் திற என்றால், உள்ளே என்ன இருக்கிறதென்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார்? அந்தக் கேள்வி அன்று எனக்குள் வந்தது, பிறகு போகவே இல்லை. மார்க்கா? உன் இடம் அவனுக்குத்தானே கிடைத்தது. லிஃப்டில் உன்னை முறைக்கிற அங்கிளா? அல்லது...

அல்லது அப்பாவா? அன்று காலை அப்பா வழமைக்கு மாறாகக் கீழே இறங்கி வந்து, நீ பையைக் காரில் ஏற்றுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றதாக நீதானே சொன்னாய். எந்த ரோட்டால் போகிறாய் என்றும் கேட்டாராம். பின்னேரம் நீ சேற்றோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது, எதற்கும் பத்துக் கேள்வி கேட்கிற மனுசன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார், எழும்பி அறைக்குள் போனார். அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ யாரைச் சந்தேகித்தாய் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் "விடு சுகி" என்றுதான் சொல்வாய். ஆனால் அடுத்த பருவம் தொடங்கியபோது கீத் புது விதி போட்டார், மட்டைப் பை இனி என் காரில் மட்டும்தான் என்று. காரணம் சொல்லவில்லை. அன்று உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "அவர் என்னை நம்பேல்லை" என்றாய். அந்த ஒரே ஒரு வசனம். அந்தப் பருவத்தின் பாதியில் படிப்பைச் சாட்டாகச் சொல்லிக்கொண்டு ரீமை விட்டாய். மட்டையை யாருக்கோ கொடுத்தாய். பிறகு வேலை, வருடக்கணக்காக விட்பிக்குக் காரில் போய்வருகிற நீண்ட ஓட்டம், போன குளிர்காலத்தின் முதல் பனி, அந்த லொறி. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

விருந்து முடிந்து கோட்டுகள் தொங்குகிற இடத்தில் கீத்தைப் பிடித்தேன். கிழண்டிவிட்டார், அண்ணா. "அந்தக் கதையை ஏன் திருத்தவில்லை?" என்று கேட்டேன்.

"எந்தக் கதையை?"

"மட்டைப் பை. என் அண்ணாவை நம்பாமல்தானே அந்த விதி போட்டீர்கள்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவரை அடித்தேனோ என்று நினைத்தேன். "நம்பாமலா?" என்றார். "அவனை அவர்கள் தெருவில் இருத்தினார்கள். என்னை ஒருவரும் இருத்தமாட்டார்கள். நான் வெள்ளைக்காரன், என் காரில் எத்தனை மட்டை இருந்தாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அவன் மட்டைகளோடு இன்னொருமுறை தெருவில் இருக்கக்கூடாது என்றுதான் செய்தேன்."

"அதை அவனிடம் சொன்னீர்களா?"

கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவனுக்கு விளங்கும் என்று நினைத்தேன்."

உனக்கு விளங்கியதா, அண்ணா? பிறகாவது, விட்பி ரோட்டில் தனியே கார் ஓட்டும்போது எப்போதாவது? எனக்கு விளங்கவில்லை. நான் அந்த மனுசனை இவ்வளவு காலமும் பிழையாகத்தான் பார்த்திருக்கிறேன். அவர் உண்மைதான் சொன்னாரா, இப்போது அழகாகச் சோடிக்கிறாரா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பொய் சொல்கிறவன் பொத்தானை அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டான் என்று கடைசியில் முடிவெடுத்தேன்.

அந்த ஒரு சந்தேகம் உடைந்த பிறகு மற்றதை உள்ளே வைத்திருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் இருந்தேன்.

"அப்பா, ஒண்டு கேக்கட்டே?"

"கேள்."

"அண்டைக்கு அண்ணான்ர காரைப் பற்றிப் பொலிசுக்குச் சொன்னது நீங்களோ?"

கோப்பையைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"என்னையோ கேக்கிறாய்?" என்றார். "நான் இவ்வளவு காலமும் நீ எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்."

"நானோ?"

"நீதானே அவனோட திரிஞ்சனி. எந்த ரோட்டாலை போவான், காரிலை என்ன கிடக்குது, எல்லாம் உனக்குத்தான் தெரியும். பயத்திலை சொல்லிப்போட்டாய் எண்டு நினைச்சன். அனுப்பினது நான்தானே, நான் எப்பிடி உன்னைப் பேசிறது? அதுதான் ஒண்டும் கேக்கேல்லை."

"காலமை கீழை வந்து நிண்டனீங்கள். எந்த ரோட்டாலை போறாய் எண்டு ஏன் கேட்டனீங்கள்?"

அப்பா யன்னல் பக்கம் திரும்பினார். "கடைசி மச் எண்டு சொன்னவன். வந்து பாக்கலாமோ எண்டு யோசிச்சன். என்ன பஸ் எடுக்கிறதெண்டு கேக்க வெக்கமா இருந்தது."

அம்மா அடுப்படியில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தா. திரும்பாமலே சொன்னா: "அண்டைக்குப் பின்னேரம் முன் வீட்டுப் பெடியனையும் அதே சந்தியிலைதான் மறிச்சவங்கள். அவன் கையிலை பால் பெட்டி மட்டும்தான். அவங்களுக்கு ஆராவது சொல்லவே வேணும்? முகத்தைப் பாத்தால் காணாதே?"

"ஏனம்மா இதை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் ரெண்டு பேரும் ஆரை ஆர் நினைக்கிறியள் எண்டு எனக்கென்ன தெரியும்? என்னை ஆர் கேட்டது?"

அப்பா மெதுவாக, "அவனும் நான்தான் சொன்னது எண்டு நினைச்சிருப்பானோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? நீதான் வந்து சொல்ல வேண்டும். எத்தனை கேள்வியை இப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

மார்க் விசயம் மட்டும் எனக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை. விருந்துக்கு வந்திருந்தான், வயிறு வைத்துவிட்டது. உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னான். ஏன் அவ்வளவு நல்லதாகச் சொல்ல வேண்டும்? சரி, சரி, விடுகிறேன்.

நேற்றுக் கீத் திரும்பக் கூப்பிட்டார். வருகிற சனிக்கிழமை ரீமின் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம், தொடங்குவதற்கு முன் புதுப் பெடியங்களுக்கு உண்மையான வரலாற்றை நீயே சொல் என்றார். போகிறேன், அண்ணா. உன் பெயரை முழுதாகச் சொல்வேன். நீ எங்கே இருத்தப்பட்டாய், உன்னிடம் என்ன கேட்டார்கள் என்று ஒன்றையும் மழுப்பாமல் சொல்வேன். அந்த ரீமில் இனி ஒருவரும் அதைப் பகிடியாகச் சொல்லமாட்டார்கள், இது நான் உனக்குத் தருகிற சத்தியம். அப்பாவும் வருகிறாராம். என்ன பஸ் எடுக்க வேண்டும் என்று இன்று காலை என்னிடம் நேரே கேட்டார்.

உன்னை இன்னும் தேடிக்கொண்டிருக்கிற,
உன் தங்கச்சி சுகந்தி